நாய்களின் தடை தாண்டல் போட்டி

நாய்களின் தடை தாண்டல் போட்டி, ஒரு நாயும் அதை வழிநடத்தும் ஒருவரும் சேர்ந்து ஓடும் விளையாட்டு. உலகெங்கும் அஜிலிட்டி என்ற பெயரில் அறியப்படுகிறது. தாண்டுகம்பு, சுரங்கக் குழாய், சீசாப் பலகை, வளைந்து செல்லும் கம்பங்கள் முதலிய தடைகளை நடுவர் வகுத்த வரிசையில், குறித்த நேரத்துக்குள், பிழையின்றிக் கடக்க வேண்டும். 1978-ல் லண்டனில் ஒரு நாய்க் கண்காட்சியின் இடைவேளையை நிரப்புவதற்காகத் தொடங்கப்பட்டது. நாயின் நிறத்தையும் உடலமைப்பையும் பார்க்காமல், அது செய்யும் செயலை மட்டும் பார்த்துப் பரிசு தரும் போட்டி இது. வேலைக்கென்றே நாய் வளர்த்து, பிறகு அந்த வேலையில் பெரும்பகுதி இல்லாமற்போன சேலம், நாமக்கல் சமவெளி போன்ற பகுதிகளுக்கு இதன் வரலாற்றில் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு.

சமவெளியின் வேலை நாய்கள்

மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, ராசிபுரம், நாமக்கல் எனப் பரந்த இச்சமவெளியில் நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும் விளையும் மேட்டு நிலங்களும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் கலந்து கிடக்கின்றன. ஊருக்குள் வீடு இருந்தாலும் தோட்டத்திலேயே தனி வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் மிகுதி. அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருக்கும். எனவே தோட்டத்துக்கு ஒரு நாய் என்பது ஏர், கவலை போல ஒரு தேவைப் பொருளாகவே இருந்தது. மணி, ராஜா, வீரன் என்று அதற்குப் பெயர் இருக்கும். பிறப்புச் சான்று இருக்காது.

தோட்டக் காவலுக்கு அடுத்தது பட்டிக் காவல். மேச்சேரி செம்மறி ஆடு இப்பகுதிக்கே உரிய இனம். தோலின் தரத்துக்குப் பெயர் பெற்றது. அதற்கென அமைந்த ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் உள்ளது. பகலில் மேய்ந்த ஆடுகளை இரவில் பட்டியில் அடைத்தால் அருகே நாய் படுத்திருக்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பட்டி நாய் ஆட்டை ஓட்டுவதில்லை. ஆடுகளைத் திருப்புவதும் கூட்டுவதும் மேய்ப்பவரின் குரலும் தடியும் செய்யும் வேலை. நாயின் வேலை இரவில் குரைப்பதும் எதிர்ப்பதும். சொல்லுக்குக் காத்திருக்காமல் தானே முடிவெடுக்கும் நாய்தான் நல்ல பட்டி நாய். ஐரோப்பாவின் ஆட்டு நாய் இதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு அடிக்கும் மனிதனின் சீழ்க்கையை எதிர்பார்த்து நிற்கும். பிற்காலத்தில் தடை தாண்டல் போட்டிகளில் எந்த இனம் முன்னே நின்றது என்பதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது வேலை வேட்டை. முயல், உடும்பு முதலியவற்றைப் பிடிக்க மெலிந்த, நீண்ட கால்களுடைய நாய்களைப் பயன்படுத்தினர். தெற்கே சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் இந்த வேலையில் உருவானவை. 1972-ல் இயற்றப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டம் தேவையானது என்பதில் ஐயமில்லை. வாழப்பாடி வட்டாரத்தில் காணும் பொங்கலை ஒட்டி வங்காநரியைப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவரும் வழக்கமும் இதே சட்டத்தோடு மோதி, வனத்துறை அபராதம் விதிக்கும் நிலைக்கு வந்தது. ஆனால் வேட்டையை நிறுத்திய சட்டம், வேட்டைக்கென்று பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய்க்கு மாற்று வேலை எதையும் காட்டவில்லை. அது சட்டத்தின் பொறுப்பும் அல்ல. வேலை போனபின் அந்த நாய்கள் சங்கிலியில் கட்டப்பட்டன, அல்லது கண்காட்சிக்கும் விற்பனைக்கும் போயின.

நாயின் செயலை மதித்து நினைவுச் சின்னம் எழுப்பிய மரபு தமிழகத்துக்குப் புதிதல்ல. சேலத்துக்கு வடகிழக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூரில் உள்ள நடுகல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து நின்றது என்பது கல்வெட்டு தரும் செய்தி. அதன் நிறமோ இனமோ அதில் இல்லை.

1873: ஒரே ஆண்டில் இரு பாதைகள்

தற்கால நாய்ப் போட்டிகளின் வரலாறு பிரிட்டனில் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் தொடங்குகிறது. 1873 ஏப்ரலில் லண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது. நாய்களின் வம்சாவளியைப் பதிவேட்டில் எழுதுவதும் கண்காட்சிகளை ஒழுங்குபடுத்துவதும் அதன் நோக்கம். அதே ஆண்டு அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் பாலா என்ற ஊரில் ஆட்டு நாய்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. ஆடுகளை யாருடைய நாய் நன்றாக ஓட்டி அடைக்கிறது என்பதே கேள்வி. வேல்ஸில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் ட்வீட் என்ற நாய் வென்றது.

ஒரு பாதை தோற்றத்தைத் தேர்வு செய்தது, மற்றது வேலையை. இரண்டும் நெடுங்காலம் தனித்தனியாகவே சென்றன. கண்காட்சிப் பாதை எத்தனை இனங்களின் உடலமைப்பை மாற்றியது என்பது தனிக்கட்டுரைக்குரியது. வேலைப் பாதையின் பலனை ஒரே எடுத்துக்காட்டால் சொல்லிவிடலாம். 1893-ல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்ற நாய், குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்தியது. இன்றைய பார்டர் காலி இனத்தின் மூதாதையாக அது கருதப்படுகிறது. அதன் வழிவந்த நாய்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் காதின் வடிவத்தைப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் அது எப்படி வேலை செய்கிறது என்பதையே பார்த்தார்கள். 1906-ல் பன்னாட்டு ஆட்டு நாய்ச் சங்கம் உருவானது.

அமெரிக்காவில் வேறொரு வழியில் இதே கேள்வி எழுந்தது. பூடில் நாய்கள் அலங்காரத்துக்கு மட்டுமே பயன்படுபவை என்ற கேலியைப் பொறுக்காத ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி 1933-ல் நியூயார்க் மாநிலத்தில் கீழ்ப்படிதல் தேர்வு ஒன்றை நடத்தினார். எல்லா இன நாய்களும் கலந்துகொண்டன. 1936-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதை ஏற்றுக்கொண்டது. இது நாயின் அறிவைச் சோதித்தது உண்மை. ஆனால் பார்ப்பவர்களுக்கு இதில் சுவை குறைவு. ஒரு நாய் மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கைகொட்டிப் பார்க்கச் சிலரால்தான் முடியும்.

1978: இடைவேளையில் பிறந்த விளையாட்டு

கிரஃப்ட்ஸ் என்பது சார்லஸ் கிரஃப்ட் 1891-ல் தொடங்கிய நாய்க் கண்காட்சி; உலகப் புகழ் பெற்றது. 1978-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் அது நடந்தபோது, கீழ்ப்படிதல் போட்டிக்கும் இனக்குழுத் தேர்வுக்கும் இடையே முதன்மை அரங்கு காலியாக இருக்கும் நேரத்தை நிரப்ப ஏதாவது காட்சி தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு குழு உறுப்பினர் ஜான் வார்லியிடம் வந்தது. குதிரைப் போட்டிகளில் பழக்கமுள்ள அவருக்கு, குதிரைகள் தடை தாண்டுவதைப் போல நாய்களும் தாண்டினால் என்ன என்று தோன்றியது. நாய்ப் பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல்லின் துணையோடு தடைகள் வடிவமைக்கப்பட்டன. நான்கு நான்கு நாய்கள் கொண்ட இரு அணிகள் ஓடின. கூட்டம் ஆரவாரித்தது.

அந்த வடிவமைப்பில் முழுப் புதுமை என்று ஒன்றும் இல்லை. பிரிட்டிஷ் விமானப் படையின் காவல் நாய்கள் தடை தாண்டிக் காட்டுவது முன்பே மக்கள் பார்த்ததுதான். தாண்டுகம்புகள் குதிரைப் போட்டியிலிருந்து வந்தன. வளைந்து செல்லும் கம்பங்களுக்கும் குதிரைகளின் ஜிம்கானா விளையாட்டுகளில் கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடும் பந்தயமே முன்மாதிரி. ஜிம்கானா என்ற சொல்லோ இந்தியாவில் ஆங்கிலேயர் இந்துஸ்தானியிலிருந்து எடுத்து உருவாக்கிக்கொண்டது. சென்னையின் ஜிம்கானா கிளப் 1884-லேயே தோன்றிவிட்டது. ஆக இந்த விளையாட்டின் ஒரு சிறு துண்டு இங்கிருந்து கப்பலேறிப் போனது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வார்லியும் மீன்வெல்லும் செய்தது, சிதறிக் கிடந்த இவற்றை எடுத்து, நேரக் கணக்கையும் பிழைக் கணக்கையும் சேர்த்து, யாரும் தம் வீட்டு நாயைக் கொண்டு முயலக்கூடிய ஒரு போட்டியாக்கியதே.

1980-ல் கென்னல் கிளப் விதிகளை வகுத்து இதை அங்கீகரித்தது. 1986-ல் அமெரிக்காவில் கென்னத் டாட்ச் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு 1996-ல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் முதல் உலகப் போட்டியை நடத்தியது. இருபதே ஆண்டுகளுக்குள் இடைவேளைக் காட்சி உலகப் போட்டியாகிவிட்டது.

தடைகளும் கணக்கும்

பன்னாட்டு விதிகளின்படி ஒரு களத்தில் 15 முதல் 22 தடைகள் இருக்கும். வரிசை ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். ஓட்டத்துக்குச் சற்று முன்னர் வழிநடத்துபவர்கள் நாய் இல்லாமல் களத்தில் நடந்து வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாய்க்கு அது முற்றிலும் புதிய பாதை. நாய் வார் இல்லாமல் ஓடும். கையில் தின்பண்டமோ பொம்மையோ இருக்கக் கூடாது. நாயைத் தொடக் கூடாது. குரலும் கையசைவும் ஓடும் திசையும்தான் கருவிகள். தாண்டுகம்பு விழுந்தால் 5 பிழைப் புள்ளி; தடையை மறுத்து விலகினால் 5; மூன்று முறை மறுத்தால் வெளியேற்றம். வரிசை மாறினாலும் வெளியேற்றம்தான். நாய்கள் தோள் உயரத்தைக் கொண்டு பிரிக்கப்படுவதால் சிறிய நாயும் பெரிய நாயும் ஒரே உயரக் கம்பைத் தாண்ட வேண்டியதில்லை.

கூரை போன்ற சாய்பலகையின் உச்சி இப்போது 1.7 மீட்டர். தொடக்க காலத்தில் இதைவிட உயரமாக இருந்தது. நாய்களின் தோளும் முதுகும் அடிபடுவதைக் கண்டு குறைத்தனர். வளைவுக் கம்பங்கள் 12. இடைவெளி 60 சென்டிமீட்டர். இதுவும் முன்பு நெருக்கமாக இருந்து பின்னர் அகலப்படுத்தப்பட்டது. சாய்பலகை, நடைபலகை, சீசா மூன்றிலும் ஏறும் முனையும் இறங்கும் முனையும் வேறு வண்ணத்தில் இருக்கும். நாய் அந்த வண்ணப் பகுதியில் குறைந்தது ஒரு காலையாவது வைத்தே ஆக வேண்டும். உச்சியிலிருந்து குதித்தால் பிழை. இந்த விதி அழகுக்காக ஏற்பட்டதல்ல. உயரத்திலிருந்து குதித்துக் கால் முறியாமல் காப்பதற்கு. விதிகளின் வரலாற்றைப் படித்தால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னாலும் ஒரு நாயின் காயம் தெரியும்.

பயிற்றுவிக்கும் முறையின் மாற்றம்

இந்த விளையாட்டு பரவியதற்கும் நாய்க்குக் கற்பிக்கும் முறை மாறியதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் காவல் நாய்களுக்காக எழுதிய கையேடு (1910) நெடுங்காலம் வழிகாட்டியாக இருந்தது. வாரைச் சுண்டி இழுப்பதும் தண்டிப்பதும் அந்த முறையின் பகுதிகள். நம் ஊர்ப் பழக்கமும் அதிலிருந்து வெகுதூரம் இல்லை. அடி உதவுகிறாற்போல அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கடைப்பிடித்த காலம் ஒன்று இருந்தது. நாய்க்கு விலக்கு கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

மாற்றம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களின் செரிமானத்தை ஆராய்ந்து 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் தொடர்ந்து ஓர் ஒலி எழுப்பினால், பின்னர் ஒலிக்கே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்று அவர் கண்டார். அமெரிக்காவின் ஸ்கின்னர், நற்பலன் தரும் செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பதை முறைப்படுத்தினார். அவருடைய மாணவர்களான கெல்லர், மரியன் பிரிலண்ட் தம்பதியர் 1940-களில் இதைத் தொழிலாக்கிக் கோழி முதல் பன்றி வரை பல விலங்குகளைப் பழக்கினர். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984-ல் எழுதிய நூல் இதை நாய் வளர்ப்போரிடம் கொண்டு சேர்த்தது. டால்பினுக்குக் கழுத்துப் பட்டை போட முடியாது, அடிக்கவும் முடியாது, நீந்திப் போய்விடும். சீழ்க்கையும் மீனும்தான் வழி. டால்பினிடம் பலித்தது நாயிடம் பலிக்காதா என்ற கேள்வியிலிருந்து கிளிக்கர் பயிற்சி பரவியது. விரலால் அழுத்தினால் டக் என்று ஒலிக்கும் சிறு கருவி. சரியான செயல் நடந்த அதே கணத்தில் ஒலி, உடனே ஒரு துண்டு உணவு.

தடை தாண்டலுக்கு இந்த முறை ஏன் பொருந்தியது என்பதை ஓட்டத்தைப் பார்த்தாலே அறியலாம். வார் இல்லாமல், பல மீட்டர் தொலைவில், முழு வேகத்தில் ஓடும் நாயை அச்சத்தால் கட்டுப்படுத்த முடியாது. அடிக்குப் பயந்த நாய் மெதுவாகும், அல்லது களத்தை விட்டு ஓடும். விரும்பி ஓடும் நாயே வெல்லும். வேறெந்த வாதத்தையும்விட இந்தக் கடிகாரக் கணக்குதான் பல பழைய பயிற்சியாளர்களின் மனத்தை மாற்றியது.

கற்பிக்கும் வரிசை பொறுமையைக் கேட்பது. முதலில் தடையே இல்லை. பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, அழைத்தால் வருவது, இரு என்றால் இருப்பது. நம் வீடுகளில் தோ தோ என்று அழைப்பதும் சூ என்று ஏவுவதும் இருக்கின்றன. ஏவுவதற்குச் சொல் இருப்பதுபோல ஏவியதை நிறுத்துவதற்கு ஒரு சொல் பெரும்பாலும் கற்பிக்கப்படுவதில்லை. பயிற்சியில் அதுவே முதற்பாடம். அடுத்து, தாண்டுகம்பைத் தரையிலேயே வைத்து நடந்து கடக்கச் செய்வர். ஒரு வயதுக்குட்பட்ட நாயை முழு உயரம் தாண்டவிடக் கூடாது. எலும்பின் வளர்ச்சிப் பகுதி இறுகியிராது. பன்னாட்டுப் போட்டியில் 18 மாதம் நிறையாத நாய்க்கு இடமில்லாதது இதனால்தான். சீசாப் பலகையில் சிக்கல் உயரத்தால் வருவதில்லை; பலகை தரையில் மோதும் ஓசையாலும் காலடியில் தளம் அசைவதாலும் வருகிறது. எனவே முதலில் பலகையின் முனைக்கடியில் சாக்கு மடித்து வைத்து, ஓசையைக் குறைத்து, விரலளவு அசைவிலிருந்து தொடங்க வேண்டும். மிகக் கடினமானது வளைவுக் கம்பங்கள். கம்பங்களை இரு வரிசையாக அகற்றி நட்டு, நடுவே நேராக ஓடவிட்டு, வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே வந்தால், நாய் தானாக வளையத் தொடங்கும். இடையில் அவசரப்பட்டால் மீண்டும் முதலிலிருந்துதான். பரிசுத் துண்டாக வேகவைத்த ஈரலோ முட்டையோ போதும். நாமக்கல்லில் முட்டைக்குப் பஞ்சமில்லை.

கடைசிப் பாடம் மனிதருக்கு. நாய் சொல்லைவிட உடலை விரைவாகப் படிக்கிறது. வழிநடத்துபவரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் நாயும் திரும்பும். வாய் வலம் என்று சொல்ல, தோள் இடம் என்று காட்டினால் நாய் தோளைத்தான் நம்பும். களத்தில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி இப்படி மனிதரால் நேர்வது. ராஜபாளையம் இனத்தில் வெண்ணிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிட்டுத்தன்மை சில குட்டிகளுக்கு வருவதுண்டு. கையசைவிலேயே ஓடும் இந்த விளையாட்டில் அத்தகைய நாயும் பழக முடியும்.

இந்தியாவில்

இந்தியாவில் நாய்கள் தடை தாண்டுவதை மக்கள் முதலில் கண்டது காவல்துறை, இராணுவ அணிவகுப்புகளில். சென்னை காவல்துறையின் மோப்ப நாய் பிரிவு 1950-களின் தொடக்கத்தில் உருவானது. மீரட்டில் இராணுவக் கால்நடைப் பிரிவின் பயிற்சி மையமும், குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970-ல் தொடங்கிய பயிற்சி மையமும் நாட்டின் முதன்மைப் பள்ளிகள். சுவர் ஏறுதல், ஏணி, தீ வளையம் என்று இவற்றின் காட்சிகள் தடை தாண்டலை ஒத்தவை. ஆனால் இவை உடல்பயிற்சியாகவும் காட்சியாகவுமே இருந்தன. உண்மையான போட்டி, அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டிகளில் மோப்பம், தடம் பற்றல், வெடிபொருள் கண்டறிதல் ஆகிய துறைகளில் நடக்கிறது.

பொதுமக்கள் பக்கம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பும் அதனோடு இணைந்த சங்கங்களும் நடத்தும் கண்காட்சிகளே நீண்டகாலம் நாய்ப் போட்டியின் முகமாக இருந்தன. ஊட்டியில் மே மாதம் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் கண்காட்சி பெயர் பெற்றது. தடை தாண்டல் பயிற்சி பிற்பாடு பெங்களூரு, சென்னை, மும்பை போன்ற பெருநகரங்களில் வேரூன்றியது.

நாட்டு நாய்களின் மீது கவனம் திரும்பியது அண்மையில்தான். சோமன் எழுதிய இந்திய நாய் பற்றிய நூல் 1963-ல் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் 2017-ல் தாராபுரத்துக்காரரான சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள அமைப்பு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் கோம்பை, கன்னி உள்ளிட்ட இனங்களைக் குறிப்பிட்டபின் குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது. கிராக்கி கூடுவது இனத்துக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளையரின் குதிரைப்படையை விரட்டியது, புலியை எதிர்த்தது என்ற கதைகளோடு விற்கப்படும் குட்டி, மாடிவீட்டில் வேலையின்றிக் கட்டப்பட்டால் நாற்காலியைக் கடிக்கும், விருந்தாளியையும் கடிக்கும்.

நாட்டு நாயைப் பழக்க முடியாது, அது சொல்பேச்சுக் கேட்காது என்ற கருத்து பயிற்சியாளர்களிடையே பரவலாக இருந்தது. பட்டி நாயும் வேட்டை நாயும் தானே முடிவெடுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதால் இதில் ஓரளவு உண்மையும் உண்டு. இதற்கு விடை சொல்வதுபோல ஒன்று 2024-ல் நடந்தது. 2016 முதல் இராணுவம் முதோல் நாய்களைப் பழக்கிப் பார்த்தது. 2018-க்குப் பின் தேகன்பூரிலும் முதோல், ராம்பூர் இனங்கள் சேர்க்கப்பட்டன. அங்கு பழக்கப்பட்ட ரியா என்ற முதோல் நாய், 2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணித்திறன் போட்டியில் தடம் பற்றும் பிரிவில் முதலிடமும், போட்டியின் சிறந்த நாய் என்ற விருதும் பெற்றது. தோற்றவை 116 வெளிநாட்டு இன நாய்கள். முதோல் நாய் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடலமைப்பில் நெருக்கமானது. கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைக்கு உருவானது. மோப்பத்தால் தடம் பற்றுவது அதன் குலத்தொழில் அல்ல. அதை ரியா கற்றுக்கொண்டது என்பதுதான் செய்தி.

சமவெளியில் இன்றைய நிலை

சேலம் மாவட்டத்தில் நாய்ப் போட்டி என்றவுடன் மக்கள் நினைவுக்கு வருவது ஏற்காடு கோடை விழாவில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் கண்காட்சி. வெளிநாட்டு இனங்களோடு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலியவையும் அழைத்து வரப்படும். காவல்துறை நாய்கள் செய்து காட்டும் சாகசத்துக்குத்தான் கூட்டம் அதிகம். 1978-ல் ஒலிம்பியாவில் கூடிய கூட்டத்தின் மனநிலையும் இதுவே. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. சேலம் மாவட்டம் தலைவாசலில் 2021-ல் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. நாயின் மூட்டையும் இதயத்தையும் சோதித்து, ஓடத் தகுதியா என்று சொல்லக்கூடிய மருத்துவர்களுக்கு இப்பகுதியில் குறைவில்லை.

கருவிகளுக்கும் பெரும் செலவில்லை. பிளம்பிங் குழாயில் தாண்டுகம்பும் வளைவுக் கம்பமும் செய்துவிடலாம். சாய்பலகையைத் தச்சர் ஒருவர் இரண்டு நாளில் செய்வார். பலகையில் சறுக்காதபடி மணல் கலந்து வண்ணம் பூச வேண்டும். டயர் வளையத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. விதிப்படி வளையத்தின் உள்விட்டம் 45 முதல் 60 சென்டிமீட்டர். லாரி டயரின் 20 அங்குல உள்விட்டம் இதற்குள் கச்சிதமாக அடங்கும், நாமக்கல்லிலோ பழைய லாரி டயர் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் அந்த எடையுள்ள டயரில் நாய் மோதினால் நாய்க்குத்தான் அடி. இப்போதைய விதி, மோதினால் பிரிந்துவிடும் இலேசான வளையத்தையே கேட்கிறது.

சான்றிதழ் இல்லாத நாய்க்கு இடமுண்டா என்ற கேள்வி இங்கு முக்கியம். தோட்டத்து மணிக்கு வம்சாவளிச் சான்று இல்லை. பன்னாட்டுக் கூட்டமைப்பின் உலகப் போட்டிக்குச் சான்று வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கலப்பின நாய்கள் ஓடலாம். 2024-ல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் தடை தாண்டல் போட்டியில் நிம்பிள் என்ற கலப்பின நாயே வென்றது. அப்போட்டியில் கலப்பினம் வென்றது அதுவே முதல் முறை. உள்ளூர்ப் போட்டி நடத்துவோர் எந்த விதியைப் பின்பற்றுவது என்பது அவர்கள் கையில் உள்ளது.

வெயில்தான் இச்சமவெளியின் பெருந்தடை. நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 8 மணிக்கே தரை காய்ந்துவிடும் ஊரில், விடியலுக்கு முன்னும் பின்னுமான ஒரு மணி நேரமே பயிற்சிக்கு உகந்தது. கண்காட்சிக்கு ஏற்காட்டின் மே மாதக் குளிர் பொருந்தும். கீழே சமவெளியில் ஓட்டப் போட்டி நடத்துவதானால் கார்த்திகை மழை ஓய்ந்து தை, மாசி வரையிலான காலமே ஏற்றது. கடலை பிடுங்கிய காட்டில் அப்போது மண் இளகி, நாயின் பாதத்துக்கு மெத்தென்று இருக்கும்.